இரு கரை மேளம்

பிரேசிலின் சாம்பா இசையில் கனமான அடி இரண்டாவதாகத்தான் விழும். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே கேட்டால் தெரியும். ஒன்றில் இலேசாக ஒரு பதில் வரும், இரண்டில் நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்குகிற முழக்கம் வரும். அதைத் தருவது சுர்டு என்கிற பெரிய மேளம். தோளில் வாரைப் போட்டுத் தொங்கவிட்டு, மெத்தென்ற தலை வைத்த தடியால் அடிப்பார்கள். பெரிய சுர்டும் அடுத்த அளவு சுர்டும் மாறி மாறிப் பேச, மூன்றாவது ஒன்று அந்தப் பேச்சுக்கு நடுவே புகுந்து வெட்டும். மேலே தாம்போரிம் என்கிற கையகல மேளம் சடசடவென்று ஓடும். நம் உடம்பு முதல் அடியிலேயே காலை ஊன்றிவிடப் பார்க்கும். சாம்பா அதைக் கொஞ்சம் காக்கவைத்து, அடுத்த அடியில்தான் தரையிறக்கும். அந்தக் காத்திருப்புதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோது பிடித்தது, தலை நரைத்தும் விடவில்லை.

எங்கள் ஊர் தூத்துக்குடி. சித்தப்பா சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தார். பிரேசிலின் சான்டோஸ் துறைமுகம் போய்த் திரும்பியபோது, பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே சில கேசட்டுகள் வைத்திருந்தார். "கடைல போட்டுக் காட்டுனான், நல்லா இருந்துச்சு, வாங்கிட்டேன்" என்றார். அதற்குமேல் அவருக்கும் ஒன்றும் தெரியாது. ஒரு கேசட்டின் அட்டையில் வெள்ளை ஆடையும் கழுத்து நிறைய மணிகளுமாக ஒரு பெண் இருந்தார். கிளாரா நூனெஸ். நெசவாலையில் வேலை பார்த்த பெண்ணாக இருந்து பாட வந்தவர், 1983இல் 40 வயதிலேயே இறந்துபோனவர் என்பதெல்லாம் வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம் அந்தக் குரல் மட்டும். ஒரு சொல்கூடப் புரியாமல் திரும்பத் திரும்பக் கேட்டதில் சில பெயர்கள் மட்டும் மனதில் பதிந்தன. ஓகும், ஷாங்கோ, இயான்சா, யெமான்ஜா. பாட்டில் அந்தப் பெயர்கள் வரும் இடத்திலெல்லாம் மேளம் மாறும். யார் இவர்கள், இவர்கள் பெயரைச் சொன்னதும் மேளம் ஏன் நடையை மாற்றுகிறது என்று கேட்க ஊரில் ஆள் இல்லை. 1986 உலகக் கோப்பையைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, பிரேசில் ஆடிய நாளெல்லாம் பார்வையாளர் பக்கமிருந்து அதே மேளம் கேட்டது. சாக்ரடீஸையும் ஜிகோவையும் விட்டுவிட்டு அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது.

அந்தப் பெயர்கள் யாருடையவை என்ற கேள்வி என்னை ஆப்பிரிக்காவுக்கு அழைத்துப்போனது. அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர். உயிரோடு கரை சேர்ந்தவர்களில் ஏறத்தாழ 48 லட்சம் பேர் பிரேசிலில் இறக்கப்பட்டார்கள். இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நேரடியாக இறக்கப்பட்டவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு. அமெரிக்க கண்டத்தில் கடைசியாக, 1888 மே 13 அன்றுதான், பிரேசில் அடிமைமுறையைச் சட்டப்படி ஒழித்தது. 48 லட்சம் என்பது படிக்கும்போது ஓர் எண். ரியோ டி ஜெனீரோவின் துறைமுகப் பகுதியில் வலோங்கோ என்ற இடத்தில் நின்றால் அது எண்ணாகத் தெரியாது. 1811 முதல் அடிமைக் கப்பல்கள் வந்து நின்ற கல்துறை அது. சுமார் 9 லட்சம் பேர் அந்தக் கற்கள் வழியாக நடத்திச் செல்லப்பட்டிருக்கிறார்கள். 1843இல் நாட்டுக்கு வரும் பேரரசியை வரவேற்பதற்காக அதன்மேல் வேறு கல் பாவி மூடினார்கள். பிறகு அதையும் மண் கொட்டி மூடினார்கள். 2011இல் துறைமுகப் பகுதியைப் புதுப்பிக்கத் தோண்டியபோது அடியிலிருந்த கற்கள் வெளியே வந்தன, 2017இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பக்கத்திலேயே, கப்பலிலிருந்து இறங்கியதும் இறந்துபோனவர்களைக் குவியலாகப் போட்டு மூடிய இடுகாடு இருந்தது. 1996இல் ஒரு குடும்பம் வீட்டைச் சீரமைக்கத் தரையைத் தோண்டியபோது எலும்புகள் கிடைத்தன. அந்தக் குடும்பம் பின்னாளில் அங்கே ஒரு நினைவு அருங்காட்சியகத்தையே அமைத்துவிட்டது.

அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் 'உப்புப் பாறை' என்று அழைக்கப்படும் பெட்ரா டோ சால். உப்பு மூட்டை இறக்கிய இடம். பாறையில் படி வெட்டியிருக்கிறார்கள். திங்கட்கிழமை இரவுகளில் அங்கே சாம்பா நடக்கும். நடுவில் மேசை போட்டு வாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள், சுற்றிலும் கூட்டம் நின்றும் ஆடியும் பாடும். வலோங்கோவைப் பார்த்துவிட்டு அன்று சாயங்காலமே நான் அங்கே போனேன். துக்கத்தைச் சுமந்துகொண்டு போன எனக்கு அந்தக் கொண்டாட்டம் உறுத்தவே இல்லை. அந்தக் கற்களில் நடந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் சேர்ந்து உண்டாக்கிய இசை அது. அதைக் கேட்க அந்தப் பாறையைவிடப் பொருத்தமான இடம் இருக்க முடியாது.

இந்தப் பகுதிக்குத்தான் 'குட்டி ஆப்பிரிக்கா' என்று பெயர். வடகிழக்கு மாநிலமான பாஹியாவிலிருந்து பிழைப்பு தேடி ரியோவுக்கு வந்த கறுப்பினக் குடும்பங்கள் இங்கே குடியேறின. அவர்களை ஒன்றுசேர்த்து வைத்திருந்தவர்கள் பெண்கள், ஊரே 'அத்தை' என்று அழைத்த பெண்கள். அவர்களில் பெரியவர் சியாட்டா அத்தை. 1854இல் பாஹியாவில் பிறந்தவர், 22 வயதில் ரியோ வந்தவர். பாஹியப் பெண்களுக்கே உரிய வெள்ளைப் பாவாடையும் தலைக்கட்டுமாகத் தெருவில் பலகாரம் விற்றார். காண்டோம்ப்ளே என்கிற ஆப்ரோ-பிரேசிலிய சமயத்தில் பொறுப்பான இடத்தில் இருந்தவர். குடியரசுத் தலைவர் ஒருவரின் காலில் ஆறாமல் இருந்த புண்ணை மூலிகையால் ஆற்றினார் என்று சொல்வார்கள். பிராசா ஒன்சே சதுக்கத்துக்கு அருகில் இருந்த அவர் வீட்டைப் பற்றிச் சொல்லும்போது, முன்கூடத்தில் ஷோரோ என்கிற வாத்திய இசை, உள்ளே சாம்பா, பின்கட்டில் கைத்தட்டும் மேளமும் என்பார்கள். போலீஸ் எட்டிப்பார்த்தால் முன்கூடத்தின் மரியாதையான இசைதான் காதில் விழும். 1916 நவம்பரில் டோங்கா என்ற இளைஞர் தேசிய நூலகத்தில் தன் பெயரில் பதிவு செய்து, சாம்பா என்ற பெயரோடு முதல் பெரிய வெற்றி கண்ட பாட்டு இந்தக் கூட்டத்திலிருந்துதான் வந்தது. அது பலர் சேர்ந்து கட்டிய பாட்டு, ஒருவர் பெயரில் எப்படிப் பதியலாம் என்று அப்போதே சண்டை வந்தது. அத்தையின் வீட்டாரும் அந்தச் சண்டையில் இருந்தார்கள். எனக்கு அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

போலீஸைச் சொன்னேன் அல்லவா, ஜோவாவ் டா பாயானா கதையையும் சொல்லியாக வேண்டும். பாண்டெய்ரோ, அதாவது ஜால்ரா வைத்த கஞ்சிரா போன்ற கருவி, வாசிப்பதில் தேர்ந்தவர். கையில் பாண்டெய்ரோவோடு தெருவில் நடந்தாலே பிடித்துப்போகும் காலம். ஒரு திருவிழாவில் அவருடைய பாண்டெய்ரோவைப் போலீஸ் பறித்துக்கொண்டது. அதனால் செனட்டர் பின்யெய்ரோ மஷாடோ வீட்டு விருந்துக்கு அவரால் வாசிக்கப் போக முடியவில்லை. காரணம் கேட்டறிந்த செனட்டர், தன் பாராட்டு வாசகத்தைப் பொறித்து ஒரு புதிய பாண்டெய்ரோ செய்து கொடுத்தார். அதற்கப்புறம் அதை எந்தப் போலீஸ்காரரும் தொடவில்லை. இதை வேடிக்கைக் கதையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வராது. பெரிய மனிதரின் பெயர் பொறிக்கப்படாத பாண்டெய்ரோக்கள் எத்தனை உடைபட்டிருக்கும் என்றுதான் தோன்றும்.

கப்போய்ராவின் நிலையும் அதுதான். தாக்குதலும் ஆட்டமும் பாட்டும் ஒன்றாகிப்போன இந்தக் கலையை 1890ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் குற்றமாக்கியது. 1930களில் பாஹியாவின் தலைநகரான சால்வடாரில் மெஸ்ட்ரே, அதாவது ஆசான், பிம்பா பயிற்சிக்கூடம் நடத்தி அரசின் அங்கீகாரம் பெற்ற பிறகே நிலைமை மாறியது. இன்னொரு பெரிய ஆசான் பாஸ்டின்யா. அங்கோலாவிலிருந்து வந்த பெனெடிட்டோ என்ற முதியவரிடம் சிறுவனாக இருந்தபோது கற்றுக்கொண்டவர். 1966இல் செனகலின் டக்கார் நகரில் நடந்த உலகக் கறுப்பினக் கலை விழாவுக்கு பிரேசில் அவரை அனுப்பியது. பின்னர் சால்வடாரின் பழைய நகரப் பகுதியான பெலோரின்யோவில் இருந்த அவருடைய பள்ளிக் கட்டடத்தைப் புதுப்பிப்பதாகச் சொல்லி வெளியேற்றினார்கள். இடம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. கண் பார்வை இழந்து, வறுமையில், 1981இல் இறந்தார். 2014இல் கப்போய்ராவின் ஆட்ட வட்டத்தை யுனெஸ்கோ மனிதகுலப் பாரம்பரியம் என்று அறிவித்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தக் கிழவர்தான் நினைவுக்கு வந்தார்.

சரி, ஆரம்பத்தில் சொன்ன பெயர்களுக்கு வருகிறேன். ஓகும், ஷாங்கோ, இயான்சா, யெமான்ஜா எல்லாரும் ஒரிஷாக்கள், இன்றைய நைஜீரியா, பெனின் பகுதியைச் சேர்ந்த யொரூபா மக்களின் தெய்வங்கள். காண்டோம்ப்ளே வழிபாட்டில் ஒவ்வொரு ஒரிஷாவுக்கும் தனித்தனித் தாளங்கள் உண்டு. மேளங்கள் மூன்று. பெரியது ரும், நடுவானது ரும்பி, சின்னது லே. இவற்றோடு ஓர் இரும்பு மணி. மணியும் இரண்டு சின்ன மேளங்களும் மாறாத ஒரு சுழற்சியைப் பிடித்துக்கொண்டிருக்கும். பெரிய மேளமாகிய ரும் மட்டும் பேசும். ஆடுபவரின் கால் எங்கே போக வேண்டும், எப்போது திரும்ப வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதெல்லாம் அந்த மேளத்தின் சொல்லில்தான் இருக்கிறது. யொரூபா வழிவந்த 'கேட்டு' என்ற மரபில் மெல்லிய குச்சிகளால் அடிப்பார்கள், அங்கோலா மரபில் வெறுங்கையால். குச்சிச் சத்தமா கைச்சத்தமா என்று கவனித்தாலே எந்த மரபு என்று ஓரளவு ஊகிக்கலாம். மேளங்களுக்கும் படையல் உண்டு, அவற்றையும் உயிருள்ளவையாகவே நடத்துகிறார்கள்.

சால்வடாரில் ஒரு காண்டோம்ப்ளே இல்லத்தின் பொது விழாவுக்கு என்னை அழைத்துப்போனார்கள். வெள்ளை உடுத்தி வரச் சொன்னார்கள், படம் எடுக்கக் கூடாது என்றார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வெள்ளைப் பாவாடைகள் விரிய, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் வட்டம் நகர்ந்தது. வயதான பெண்கள் பாதத்தைத் தரையிலிருந்து எடுத்ததாகவே தெரியவில்லை, ஆனால் நகர்ந்துகொண்டே இருந்தார்கள். முதலில் ஓகுமுக்குப் பாட்டு, பிறகு ஒவ்வொரு ஒரிஷாவாக. ஷாங்கோவின் தாளம் வந்தபோது கூடத்தில் காற்றே மாறியதுபோல் இருந்தது. தீயும் இடியும் அவருடையவை, அவருக்கு அடிக்கும் அலுஜா என்ற தாளமும் அப்படித்தான் பொழியும். ஒஷும் ஆற்றுக்கு உரியவள். அவளுக்கு அடிக்கும் இஜெஷா மெல்ல, அசைந்து, நளினமாக வரும். அந்த இரவில் பலமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சிறுவனாக இருந்தபோது கேசட்டில் கேட்டதற்கு அங்கேதான் விடை கிடைத்தது. பெயருக்கேற்ப மேளம் நடையை மாற்றுவது அலங்காரத்துக்காக இல்லை. தாளமே அழைப்பு. சரியான தாளத்தை வாசிக்காவிட்டால் வர வேண்டியவர் வரமாட்டார். முடிந்ததும் வந்திருந்த எல்லாருக்கும் சாப்பாடு போட்டார்கள்.

அந்தச் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சால்வடார் தெருமுனைகளில் வெள்ளை உடுத்திய பெண்கள் விற்கும் அகராஜே, தோல் நீக்கிய காராமணியை அரைத்து, செம்பனை எண்ணெயில் பொரித்தெடுக்கும் வடைதான். நைஜீரியாவில் காலையில் தெருவோரம் விற்கும் அகாராவும் அதே. பாஹியாவில் அது இயான்சாவுக்கான படையலும்கூட. தெருவில் இப்படி விற்றுச் சேர்த்த காசில் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கிய பெண்கள் பலர். இப்படிப்பட்ட பெண்களின் சேமிப்பும் உழைப்பும் இல்லாமல் சால்வடாரின் பழைய காண்டோம்ப்ளே இல்லங்கள் நின்றிருக்க முடியாது. பாஹியாவில் 1976 வரை இந்த இல்லங்கள் விழா நடத்தப் போலீஸிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. கோயில் திருவிழாவில் மேளம் அடிக்கக் காவல் நிலையத்தில் கைகட்டி நின்ற தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது.

யொரூபாத் தெய்வங்களின் கதைகள் அழகானவை என்பதால் பிரேசிலின் ஆப்பிரிக்கா என்றாலே யொரூபா என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. பிரேசிலுக்குக் கொண்டுவரப்பட்டவர்களில் மிகப் பெரும்பான்மையினர் அங்கோலா, காங்கோ பகுதிகளின் பாண்டு மொழிகள் பேசிய மக்கள். சாம்பா, ஜோங்கோ என்கிற மேள ஆட்டம், கப்போய்ரா எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அவர்கள் கை. கப்போய்ராவில் வாசிக்கும் பெரிம்பாவ் என்ற வில்வாத்தியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வளைத்த மரக்கொம்பு, அதில் கட்டிய கம்பி, அடியில் சுரைக்குடுக்கை. இதன் முன்னோர்களை அங்கோலாவில் இன்றும் பார்க்கலாம். குயிக்கா என்ற மேளத்துக்குள் ஒரு மெல்லிய குச்சி தோலோடு கட்டப்பட்டிருக்கும். ஈரத்துணியால் அந்தக் குச்சியை நீவினால் மேளம் சிரிக்கும், அழும், கெஞ்சும். இதுவும் அதே வழியில் வந்தது. ஆஸ்திரிய இசை ஆய்வாளர் கெர்ஹார்ட் கூபிக் இன்னொன்றைக் காட்டினார். சாம்பாவில் தாம்போரிம் அடிக்கும் 16 துடிப்புச் சுழற்சி, அங்கோலாவில் அவர் கேட்டுப் பதிவு செய்த ஒரு சுழற்சியோடு அடிக்கு அடி பொருந்துகிறது. மொழி போனது, பெயர் போனது, குடும்பம் பிரிக்கப்பட்டது. எந்த அடிக்கு அப்புறம் எவ்வளவு இடைவெளி என்பது மட்டும் பிசகாமல் வந்து சேர்ந்திருக்கிறது.

இதன் பழைய வடிவத்தைப் பார்க்க வேண்டுமானால் சால்வடார் வளைகுடாவைச் சுற்றியுள்ள ரெகோன்காவோ பகுதிக்குப் போக வேண்டும். கரும்பும் புகையிலையும் விளைந்த மண். அங்கே ஆடுவது வட்டச் சாம்பா. வட்டத்துக்குள் ஒரு நேரத்தில் ஒருவர்தான். பாதங்களை இணையாக வைத்து, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னச்சின்னதாக இழைத்து நகர்த்தி, வாத்தியக்காரர்கள் முன்னால் வந்து நின்று ஆடிவிட்டு, வட்டத்தில் இன்னொருவர் எதிரே போய் வயிற்றோடு வயிறு இலேசாகத் தொட்டு அழைப்பார்கள். இடம் கைமாறிவிடும். சூலா என்ற வகையில் பாடகர்கள் பாடி முடிக்கும் வரை யாரும் வட்டத்துக்குள் நுழைய மாட்டார்கள். சொல்லுக்குக் கொடுக்கும் மரியாதை அது. பெண்கள் சாப்பாட்டுத் தட்டைக் கத்தியால் சுரண்டித் தாளம் போடுவார்கள். சான்டோ அமாரோ ஊரைச் சேர்ந்த எடித் டோ ப்ராட்டோ அதில் பெயர்பெற்றவர். தட்டையும் கத்தியையும் வைத்துக்கொண்டு அந்த அம்மையார் கொடுக்கும் தாளத்தைக் கேட்டபிறகு வாத்தியம் என்பதற்கு நான் வைத்திருந்த எல்லை விரிந்துபோனது. அதே ஊரில் 1889 முதல் மே 13ஐ ஒட்டிச் சந்தைத் திடலில், திறந்த வெளியில், காண்டோம்ப்ளே நடத்துகிறார்கள். விடுதலை கிடைத்த மறு ஆண்டே தொடங்கிய வழக்கம்.

இந்தியாவுக்கும் இதற்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. அது வந்தது துறைமுகம் வழியாக. காந்தி கொல்லப்பட்டதற்கு மறு ஆண்டு, 1949 பிப்ரவரியில், சால்வடாரின் கப்பல் சுமை தொழிலாளர்கள் கார்னிவலுக்கு ஓர் ஊர்வலக் குழு அமைத்தார்கள். 'காந்தியின் பிள்ளைகள்' என்று பெயர் வைத்தார்கள். போலீஸ் கண்காணித்துக்கொண்டிருந்த தொழிற்சங்கத்தின் ஆட்கள் அவர்கள். கையில் காசில்லாத ஆண்டு. படுக்கை விரிப்புகளை உடையாக்கி, துண்டுகளைத் தலையில் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். பாடியது ஒரிஷாக்களுக்கு, யொரூபா மொழியில். அடித்தது இஜெஷா. இன்றும் ஆயிரக்கணக்கான ஆண்கள் வெள்ளை உடுத்தி, வெள்ளைத் துண்டுத் தலைப்பாகையும் நீலமும் வெள்ளையுமான மணிகளும் அணிந்து, கூட்டத்தின்மேல் லாவெண்டர் நீர் தெளித்துக்கொண்டு போகிறார்கள். 1970களின் தொடக்கத்தில் இந்தக் குழு ஏறக்குறைய கலைந்துபோகும் நிலையில் இருந்தது. ராணுவ ஆட்சியால் லண்டனுக்குப் போய்த் திரும்பிவந்திருந்த பாடகர் ஜில்பெர்டோ ஜில் அதில் உறுப்பினராகச் சேர்ந்து, ஒரிஷாக்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி இந்த ஊர்வலத்தைப் பார்க்க வரச்சொல்லி ஒரு பாட்டு எழுதினார். குழு மீண்டது. மூட்டை சுமக்கிறவர்களைப் பார்த்து வளர்ந்த துறைமுக ஊர்க்காரன் நான். கடலுக்கு அந்தப் பக்கம் அதே வேலை பார்த்தவர்கள் காந்தியைத் தங்கள் ஆளாக எடுத்துக்கொண்டார்கள் என்று முதலில் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. அந்த வெள்ளை வரிசையின் நடுவில் நடந்தபோதும் அப்படித்தான்.

அதே நகரத்தில் 1974இல் இலே அயே பிறந்தது. குருசு என்ற ஏற்றத்தில், ஹில்டா அம்மையாரின் காண்டோம்ப்ளே இல்லத்தில். கறுப்பினத்தவர் மட்டுமே சேரும் முதல் கார்னிவல் குழு. பணக்காரக் குழுக்கள் கறுப்பினத்தவரைச் சேர்க்காத காலத்தில், ஊர்வலத்தைச் சுற்றிக் கயிற்றைப் பிடிக்கும் கூலிகளாக மட்டும் வைத்திருந்த காலத்தில், எங்களுக்கு நாங்களே என்று கிளம்பினார்கள். 1975இல் முதல்முறை தெருவில் இறங்கியதும் ஒரு நாளிதழ் அவர்களை இனவெறிக் குழு என்று எழுதியது. அவர்கள் நிறுத்தவில்லை. சனிக்கிழமை இரவு புறப்படும் முன் ஹில்டா அம்மையார் பொரி தூவி, வெள்ளைப் புறாக்களைப் பறக்கவிட்டு வழியனுப்புவார். 2009இல் அவர் இறந்த பிறகும் அந்தச் சடங்கு தொடர்கிறது. அதே ஊரின் இன்னொரு மேளக் குழுவான ஒலோடுமின் பெயர் இன்று உலகத்துக்குத் தெரியும். பால் சைமனும் மைக்கேல் ஜாக்சனும் அவர்களோடு பதிவு செய்தார்கள். ஆனால் அந்த மேளத்துக்கு வழி திறந்தது இலே அயேதான்.

ஆப்பிரிக்காவிலிருந்து பிரேசிலுக்கு ஒருமுறை வந்தது, அத்தோடு கதை முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதற்கப்புறம்தான் வருகிறது. 1835இல் சால்வடாரில் முஸ்லிம் அடிமைகளும் விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர்களும் சேர்ந்து கிளர்ந்தெழுந்தார்கள். அதை ஒடுக்கிய அரசு பலரை ஆப்பிரிக்காவுக்கே நாடு கடத்தியது. பயந்துபோய்த் தாங்களாகவே கப்பலேறியவர்களும் உண்டு. இப்படித் திரும்பியவர்கள் லாகோஸில் ஒரு பிரேசில் பகுதியையே கட்டினார்கள். கானாவின் அக்ராவில் தபோம் என்ற சமூகம் ஆனார்கள். பெனினின் போர்ட்டோ-நோவோ நகரத்துப் பெரிய மசூதியைப் பார்த்தால் பாஹியாவின் தேவாலயம் என்றே சொல்வீர்கள். கட்டிய கைகள் கற்ற தொழில் அது. அந்த நகரங்களில் புரியான் என்ற முகமூடி ஆட்டத்தில் போர்த்துக்கீசியப் பாட்டு பாடுகிறார்கள், பாடுகிறவர்களில் பலருக்கு அந்த மொழி தெரியாது. லாகோஸின் பிரேசில் குடும்பங்கள் புனித வெள்ளியன்று பயறைத் தேங்காய்ப்பாலில் சமைக்கிறார்கள்.

மார்ட்டினியானோ டோ பொன்ஃபிம் என்பவரை நினைத்துப்பாருங்கள். 1859இல் சால்வடாரில், விடுதலை பெற்ற பெற்றோருக்குப் பிறந்தவர். அவர்கள் அவரை இளவயதில் லாகோஸுக்குப் படிக்க அனுப்பினார்கள். அங்கே ஆங்கிலமும் யொரூபாவும் குறிபார்க்கும் இஃபா மரபும் கற்று ஊர் திரும்பினார். 1910இல் ஓப்போ அஃபோன்ஜா என்ற காண்டோம்ப்ளே இல்லத்தை நிறுவிய அனின்யா அம்மையாருக்குச் சடங்கு முறைகளில் துணை நின்றார். பாஹியாவின் 'பழைய' மரபு என்று நாம் பார்ப்பதில் ஒரு பங்கு, நீராவிக் கப்பல் காலத்தில் லாகோஸுக்குப் போய் நேரில் கற்று வந்தது. 1977இல் லாகோஸில் நடந்த கறுப்பினக் கலை விழாவுக்கு ஜில் போனார், பாடகர் கயேட்டானோ வெலோசோவும் போனார். அங்கே பார்த்த தொகுப்பு வீடுகளில் தன் ஊர்ச் சேரிகளையே கண்ட ஜில், திரும்பிவந்து ஒரு முழு இசைத்தட்டு செய்தார். பின்னாளில் 2003 முதல் 2008 வரை பிரேசிலின் கலாச்சார அமைச்சராக இருந்தவரும் அவரே.

கிளெமென்டினா டி ஜெசூஸைச் சொல்லாமல் என்னால் முடிக்க முடியாது. 1901இல் ரியோ மாநிலத்தின் வலென்சாவில் பிறந்தவர். அம்மா துணி துவைத்துக்கொண்டே பாடிய அடிமைக்காலப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர். 20 ஆண்டுகளுக்கும் மேல் வீட்டுவேலை செய்தார். 60 வயதைத் தாண்டிய பிறகு எர்மீனியோ பெல்லோ டி கார்வால்யோ என்ற கவிஞர் அவர் குரலைக் கேட்டு, 1964இல் மேடையேற்றினார். 1966இல் டக்கார் விழாவில் பாடினார், பாஸ்டின்யா போன அதே விழா. இனிமையான குரல் என்று சொல்ல மாட்டேன். ஆழமான, கரகரத்த, மண்ணிலிருந்து எழுகிற குரல். 1982இல் அவரும் வேறு இருவரும் சேர்ந்து, வைரச் சுரங்கங்களில் வேலை செய்த அடிமைகளின் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் டயமண்டினா பக்கத்தில் 1928 முதல் அய்ரெஸ் டா மாட்டா மஷாடோ என்ற ஆய்வாளர் சேகரித்து வைத்தவை. துணைக்கு மேளமும் தாளக்கருவிகளும் மட்டும். சொற்கள் பாண்டு மொழிகளின் எச்சம். காலையில் வேலைக்கு இறங்கும்போது ஒரு பாட்டு, இறந்தவரைத் தூக்கிப்போகும்போது ஒரு பாட்டு. ஒரு தாயின் துவைகல் பக்கத்தில் நின்றிருந்த சிறுமி 80 வயதைத் தாண்டி இந்தப் பாட்டுகளை இசைத்தட்டில் பதித்துவிட்டுப் போனாள். பிரேசில் இசையில் ஒரே ஒரு பதிவை மட்டும் வைத்துக்கொள் என்றால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

இவையெல்லாம் பாதுகாப்பாக இருக்கின்றன என்று சொல்லிவிட முடியாது. காண்டோம்ப்ளே இல்லங்களைத் தாக்குகிறவர்களும் தீ வைக்கிறவர்களும் இன்றும் இருக்கிறார்கள். 2018 அக்டோபரில், தேர்தல் நாளன்று இரவு, சால்வடாரில் ஒரு மதுக்கடையில் நடந்த அரசியல் வாக்குவாதத்துக்குப் பிறகு மெஸ்ட்ரே மோவா டோ கட்டென்டே கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். கப்போய்ரா ஆசான், பாட்டு கட்டுபவர், 1978இல் படாவே என்ற ஊர்வலக் குழுவைத் தொடங்கியவர். பள்ளிப்பிள்ளைகளுக்கு மேளம் செய்யவும் வாசிக்கவும் கற்றுக்கொடுத்தவர். அவருக்கு 63 வயது. அந்தச் செய்தி வந்த வாரம் என்னால் எந்தப் பாட்டையும் போட முடியவில்லை.

இளையவர்கள் சிலர் எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம் என்று கேட்கிறார்கள். கிளாரா நூனெஸிலிருந்து தொடங்கலாம், அப்படித் தொடங்கியவன்தான் நான். ஆனால் இப்போது கேட்டால் லெட்டியெரெஸ் லெய்ட்டேயின் ரும்பிலெஸ் இசைக்குழுவைச் சொல்வேன். ரும், ரும்பி, லே மூன்றையும் சேர்த்து வைத்த பெயர். 2006இல் சால்வடாரில் தொடங்கிய குழு, ஊதுகருவிகளும் தாளக்கருவிகளும் மட்டும். காண்டோம்ப்ளே மேளங்களின் சொல்லை அப்படியே எடுத்து டிரம்பெட்டுக்கும் சாக்ஸபோனுக்கும் கொடுத்திருப்பார். மேடையில் மேளக்காரர்கள் நடுவில், விருந்துக்குப் போகிற கோட்டும் வில் டையுமாக அமர்ந்திருப்பார்கள். ஊதுகிறவர்கள் அரைக்கால் சட்டையும் செருப்புமாகச் சுற்றி இருப்பார்கள். வேண்டுமென்றே அவர் வைத்த ஏற்பாடு. லெட்டியெரெஸ் 2021இல் 61 வயதில் இறந்துவிட்டார், பதிவுகள் இருக்கின்றன. கேட்கும்போது முதலில் இரும்பு மணியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், மற்ற எல்லாம் அதைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது. அது கைக்கு வந்ததும் ரும் எங்கே பேசுகிறது என்று தேடுங்கள்.